மேசைக்கு அடியில் ஓர்கோன்: பிரெஞ்சு மேடை நகைச்சுவைகளைத் திரையில் பார்ப்பது எப்படி

படத்தை முதலில் போடாதீர்கள். நாடகத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைப் படித்துவிட்டு வாருங்கள். ஐந்து அங்கத்தையும் படித்துவிட்டு உட்கார்ந்தால், படம் ஓடுகிற நேரமெல்லாம் "அந்த வசனம் எங்கே போச்சு, இந்த ஆள் ஏன் வரவில்லை" என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு காட்சி போதும். எந்தக் காட்சி என்று படத்துக்குப் படம் சொல்கிறேன்.

நான் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களை, அதிலும் நகைச்சுவைத் தொடர்களை, எடிட் செய்கிறவள். பிரெஞ்சு எனக்கு சப்டைட்டில் அளவுக்குத்தான். ஆனால் சபாவில் கைதட்டல் வாங்கிய ஒரு காமெடி, அதே நடிகர்கள் அதே வசனத்தைப் பேசியும், கேமராவுக்கு முன்னால் ஏன் சுருண்டு விழுகிறது என்பது எனக்கு அன்றாட வேலைப் பிரச்சினை. அதற்கு விடை தேடித்தான் பிரெஞ்சு நாடகாசிரியர்களான மோலியேர், லபீஷ், ஃபெய்தோ ஆகியோரின் நாடகங்களைப் படமாக்கியவர்கள் பக்கம் போனேன். நூறு வருஷமாக அவர்கள் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மேடை நகைச்சுவை பார்க்கிறவருக்கு மூன்று வசதிகள் உண்டு. மேடையில் இருக்கிற எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நாம் சிரித்து முடிக்கும்வரை நடிகர் அடுத்த வரியைச் சொல்லாமல் நிற்பார். பாத்திரம் நினைத்தால் நம் பக்கம் திரும்பி நம்மிடமே பேசும். படத்தில் இந்த மூன்றும் போய்விடும். ஆகவே எந்தப் படத்தைப் போட்டாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அரங்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தை இந்த இயக்குநர் எங்கே கொண்டுபோய் வைத்தார்? மற்ற எல்லாம், உடை, அரண்மனை, குதிரை வண்டி, எல்லாம் இரண்டாம் பட்சம்.

தொடங்க நல்ல இடம் மோலியேரின் 'தார்த்யூஃப்'. 1664-ல் வெர்சாயில் மன்னர் முன்னால் ஆடி, மதவாதிகள் கொதித்தெழுந்ததால் தடைபட்டு, 1669-ல்தான் பொதுமக்கள் முன் ஆட அனுமதி கிடைத்த நாடகம். ஓர்கோன் என்கிற பணக்காரக் குடும்பத் தலைவன், தார்த்யூஃப் என்கிற போலி பக்திமானை வீட்டோடு வைத்துக்கொண்டு கொண்டாடுகிறான். நீங்கள் படிக்க வேண்டியது நான்காம் அங்கம், ஐந்தாம் காட்சி. ஆங்கிலத்தில் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். மனைவி எல்மிர், கணவனுக்கு உண்மையைக் காட்ட அவனை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, தார்த்யூஃபை வரவழைத்து இடம் கொடுப்பதுபோல் பேசுகிறாள். அவன் நெருங்க நெருங்க, "போதும், வெளியே வா" என்று கணவனுக்குச் சைகையாக இருமுகிறாள். கணவன் வரவில்லை. மறுபடி இருமுகிறாள். தார்த்யூஃப் கரிசனத்தோடு அதிமதுரம் வேண்டுமா என்று கேட்கிறான்.

மேடையில் இந்தக் காட்சியின் பெரிய நகைச்சுவை நடிகர் அந்த மேசைதான். அது அசைவதில்லை, கூட்டம் அதைப் பார்த்தே சிரிக்கும். இதை நான் எடிட் செய்தால் என்ன செய்வேன்? எங்கள் தொடர் வழக்கப்படி, ஒவ்வொரு இருமலுக்கும் மேசைக்கடியில் ஒரு க்ளோஸ்-அப், அதற்கு ஒரு 'டொய்ங்' சத்தம். அப்படிச் செய்த நிமிஷமே காட்சி செத்துவிடும். ஓர்கோன் என்ன முகத்தோடு இருக்கிறான் என்பது தெரியாமல் இருப்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. ஏன் இன்னும் வெளியே வரவில்லை? நம்பவில்லையா, நம்பிவிட்டு உறைந்துபோனானா? முகத்தைக் காட்டினால் விடை தெரிந்துவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு படங்களைப் பாருங்கள். முதலாவது முர்னௌ ஜெர்மனியில் எடுத்து 1926-ல் வெளியான மௌனப் படம். எமில் யானிங்ஸ் தார்த்யூஃப், லில் டாகோவர் எல்மிர், வெர்னர் க்ராவுஸ் ஓர்கோன். பேச்சே இல்லாத படத்தில் மோலியேரா என்று கேட்காதீர்கள். முர்னௌ நாடகத்தின் பிள்ளைகள், காதலர்கள் எல்லோரையும் தூக்கி எறிந்துவிட்டு, கணவன், மனைவி, போலிச் சாமியார், வேலைக்காரி என்று நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டார். ஒட்டுக்கேட்கும் காட்சியில் கணவன் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். எல்மிர் பரிமாறுகிற தேநீர்க் கெண்டியின் பளபளப்பில் அவன் முகம் பிரதிபலிக்கிறது. தார்த்யூஃப் அதைப் பார்த்துவிடுகிறான். அந்த நொடியே மறுபடி பக்திமானாகிவிடுகிறான். மேடையில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்தவருக்குக் கெண்டியில் என்ன தெரியும்? கேமராவால் மட்டும் சொல்லக்கூடிய ஒரு நகைச்சுவையை, மேசையின் இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

நம் கேள்விக்கும் இந்தப் படத்தில் அப்பட்டமான விடை இருக்கிறது. முர்னௌ நாடகத்தைச் சுற்றி ஒரு சமகாலக் கதையைக் கட்டினார். ஒரு கிழவரின் சொத்துக்காக அவரை மயக்கி வைத்திருக்கிற வீட்டு வேலைக்காரி. அவளை அம்பலப்படுத்த, நடிகனான பேரன் ஊர் ஊராகப் படம் காட்டுகிறவன் வேடத்தில் வந்து அவர்களுக்கு 'தார்த்யூஃப்' படத்தைப் போட்டுக் காட்டுகிறான். அரங்கத்துக் கூட்டம் அந்தக் கிழவரும் அந்த வேலைக்காரியுமாகச் சுருங்கி, படத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது, ஜெரார் தெபார்தியு தானே இயக்கி நடித்த 1984-ஆம் ஆண்டுப் படம். ஸ்த்ராஸ்பூர் தேசிய அரங்கில் ஷாக் லாசால் மேடையேற்றியதை ஒட்டி எடுத்தது. ஓர்கோனாக ஃபிரான்சுவா பெரியே. சிரிப்பு குறைவு, இறுக்கம் அதிகம். எனக்கு முழுதாகப் பிடித்த படம் இல்லை. ஆனாலும் மேசைக் காட்சிக்காக ஒருமுறை பாருங்கள். எப்போது மேசையைக் காட்டுகிறார், எப்போது காட்டாமல் விடுகிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே பாருங்கள். எடிட்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கிற வேலை இதுதான். முனகிக்கொண்டேதான் செய்வார்கள்.

அடுத்தது இந்தக் குறிப்பு முழுவதிலும் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் செய்ய வேண்டியது: ரெனே கிளேர் எடுத்த 'இத்தாலிய வைக்கோல் தொப்பி'. லபீஷும் மார்க்-மிஷேலும் எழுதி 1851-ல் பாரிஸின் பலே-ரொயால் அரங்கில் ஆடிய நாடகம், 1928-ல் மௌனப் படமாக வந்தது. கதை ஒரு வரிதான். கல்யாண நாளன்று காலையில் மாப்பிள்ளை ஃபதினாரின் குதிரை, வென்சேன் காட்டில் ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பியைத் தின்றுவிடுகிறது. அவள் ஒரு ராணுவ அதிகாரியோடு புதருக்குப் பின்னால் இருந்தவள், வேறொருவர் மனைவி. தொப்பி இல்லாமல் வீட்டுக்குப் போனால் கணவன் கேட்பான். அதே மாதிரித் தொப்பி வரும்வரை மாப்பிள்ளை வீட்டை விட்டு நகர மாட்டோம் என்கிறார்கள் அவளும் அந்த அதிகாரியும். மாப்பிள்ளை தொப்பியைத் தேடி ஓட, கல்யாணக் கூட்டம் மொத்தமும், எதற்கு ஓடுகிறோம் என்றே தெரியாமல், அவன் பின்னால் வண்டி வண்டியாக ஓடுகிறது.

இதற்கு முதல் அங்கத்தைப் படியுங்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் கொண்டாட்டம், தெரியாதவர்கள் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். பேச்சு எவ்வளவு என்பதைக் கவனியுங்கள். இது பாட்டுகள் நடுநடுவே வருகிற வகை நாடகம்; ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள், பாடிக்கொண்டே இருப்பார்கள். மாமனார் நொனான்கூருக்கு ஒரு பல்லவி உண்டு, "மாப்பிள்ளை, எல்லாம் முறிஞ்சுபோச்சு!" என்று. எதற்கெடுத்தாலும் கல்யாணத்தை நிறுத்திவிடுவார், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார். இப்படிப்பட்ட மாமனாரை நாம் எத்தனை கல்யாண மண்டபங்களில் பார்த்திருக்கிறோம்.

கிளேரிடம் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. எழுத்து அட்டைகளைக்கூட மிகக் குறைவாகவே போட்டார். அவர் செய்தது, ஒவ்வொரு விருந்தாளியின் கையிலும் காலிலும் ஒரு சின்னக் குறையை மாட்டிவிட்டதுதான். மாமனாருக்குப் புதுச் செருப்பு கடிக்கிறது. ஒருவரின் கையுறையில் ஒன்று காணவில்லை. காது கேட்காத மாமாவுக்கு ஒரு ஊதுகுழல். மணப்பெண்ணின் முதுகுப் பக்கம் உடைக்குள் ஒரு ஊசி விழுந்துவிட்டது. வசனத்தில் இருந்த பல்லவி, பொருளுக்குள் போய்விட்டது. மேயர் உரையாற்றும் காட்சியைப் பாருங்கள்: ஒருவரின் கழுத்துப் பட்டி நழுவிவிட, மனைவி சைகை காட்டுகிறாள், அந்தச் சைகையைப் பார்த்து மண்டபத்தில் இருக்கிற ஆண்கள் எல்லோரும், மேயர் உட்பட, தங்கள் தங்கள் பட்டியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இது லபீஷ் எழுதியதல்ல. ஆனால் லபீஷின் மூளை இப்படித்தான் ஓடும்.

இந்தப் படத்தைச் சத்தமில்லாமல் பாருங்கள். இப்போது கிடைக்கிற பிரதிகளில் யாராவது பின்னால் சேர்த்த இசை இருக்கும். அதை முழுசாக அணைத்துவிடுங்கள். இசை, எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அணைத்துவிட்டுப் பார்த்தால், கிளேர் சிரிப்புக்கு விட்ட இடைவெளி எவ்வளவு என்பது உங்கள் உடம்புக்கே தெரியும்.

இன்னொன்று. கிளேர் கதைக்காலத்தை 1895-க்கு நகர்த்தினார், லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டிய வருஷம். உடை, தாடி, நடை எல்லாவற்றையும் பழைய மௌனப் படங்களின் சாயலில் வைத்தார். மாப்பிள்ளை, எதிரே இருப்பது அந்தப் பெண்ணின் கணவன் என்றே தெரியாமல், நடந்த கதையை அவனிடமே சொல்கிற இடம் வருகிறது. அந்தக் கதை திரையில் விரியும்போது மேடை நாடகம் போல, வரைந்த திரைச்சீலையும் மிகை நடிப்புமாக வருகிறது. சினிமாக்காரர் மேடையைக் கிண்டல் செய்கிறார், பாசத்தோடு. இந்த இடத்தில் அரங்கத்துக் கூட்டம் யார்? அந்தக் கணவன். அவன் முகம் மாற மாறத்தான் நமக்குச் சிரிப்பு. எங்கள் பாஷையில் சொன்னால் ரியாக்‌ஷன் ஷாட். அதை எப்போது, எவ்வளவு நேரம் என்று தெரிந்து போட்டால் இப்படி இருக்கும்.

பாத்திரம் நம்மிடம் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். மோலியேரின் 'கஞ்சன்' 1668-ல் வந்த உரைநடை நாடகம். படிக்க வேண்டியது நான்காம் அங்கத்தின் கடைசிக் காட்சி. தோட்டத்தில் புதைத்து வைத்த பணப்பெட்டி திருடுபோய்விட, ஆர்பகோன் அலறிக்கொண்டு ஓடிவருகிறான். திருடனைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு கையைப் பிடிக்கிறான். அது அவன் கைதான். பிறகு அரங்கத்தைப் பார்க்கிறான். இத்தனை பேர் கூடியிருக்கிறார்களே, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, இவர்களுக்குள் திருடன் ஒளிந்திருக்கிறானா என்று நம்மையே சந்தேகப்படுகிறான். சிரிக்கிறவன் எல்லாம் குற்றவாளி ஆகிவிடுகிறான். சிரிக்காமலும் இருக்க முடியாது.

திரையில் அவன் யாரைச் சந்தேகப்படுவான்? லூயி த ஃபுனெஸ், ழான் ஜிரோவோடு சேர்ந்து இயக்கி, தானே ஆர்பகோனாக நடித்த 1980-ஆம் ஆண்டுப் படத்தைப் போடுங்கள். அந்தக் காட்சியில் என்ன செய்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. காட்சியைப் படித்துவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் பாருங்கள். மற்றபடி கவனிக்க வேண்டியது அரங்க அமைப்பு. நாடகப் புத்தகத்தின் அட்டையையும் பக்கங்களையும் பிரம்மாண்டமாக்கிப் பின்னணியில் நிறுத்தியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிக்கிற நாடகம் இது. "இது நாடகம்தான், நீங்கள் படித்த அதே பாடம்தான்" என்று கண் சிமிட்டிவிட்டுத்தான் தொடங்குகிறார். வசனத்தை அனேகமாக அப்படியே வைத்துக்கொண்டு, முகத்தால் மட்டும் சினிமா எடுக்கிறார். வெறும் படமாக்கப்பட்ட நாடகம் என்று இதைத் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த முகம் போதும். மகளை ஒரு கிழவருக்குக் கட்டிவைக்க அவன் சொல்லும் ஒரே காரணம் "வரதட்சணை வேண்டாமாம்!" என்பது, அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது நம் ஊர்க்காரர்களுக்கு சப்டைட்டிலே தேவைப்படாது.

முடிவுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோலியேரின் முடிவுகள் வானத்திலிருந்து விழும். 'கஞ்ச'னில் கடைசியில் ஒரு பெரியவர் வந்து, தொலைந்துபோன அப்பாவாகிவிடுவார். 'தார்த்யூஃ'பில் மன்னரின் அதிகாரி வந்து, ஓர்கோனைக் கைது செய்வதற்குப் பதிலாகத் தார்த்யூஃபைக் கைது செய்வார். மேடையில் இது உறுத்தாது. படத்தில் உறுத்தும். உறுத்துகிறதே என்று படத்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஃபெய்தோவுக்குப் போகும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாடகமாகப் பார்த்தால் பிரெஞ்சு நகைச்சுவையிலேயே மிகத் துல்லியமான எந்திரம் அவருடையது. படமாக அதுதான் அதிகமாகப் பழுதாகிறது. 'காதில் தெள்ளுப்பூச்சி' 1907-ல் வந்தது. இரண்டாம் அங்கம் ஒரு மோசமான விடுதியில் நடக்கிறது. பட்டனை அழுத்தினால் கட்டில் சுவரோடு சுழன்று அடுத்த அறைக்குப் போய்விடும், அங்கிருந்து வாதநோய்க் கிழவர் ஒருவர் படுத்த கட்டிலோடு வந்து சேர்வார். கண்ணியமான முதலாளி ஷாந்தபீஸும் குடிகார விடுதி வேலையாள் பொஷும் ஒரே முகஜாடை. ஒரே நடிகர்தான் இருவரும். ஒரு கதவு வழியாக முதலாளியாக வெளியே போய், உடை மாற்றி, இன்னொரு கதவு வழியாக வேலையாளாக வந்து நிற்பார். கூட்டம் கைதட்டுவது அந்த வேகத்துக்கு, மூச்சுவாங்கும் அந்த உடம்புக்கு.

ஷாக் ஷாரோன் இதை லண்டன் தேசிய அரங்குக்காக மேடையேற்றி வெற்றி கண்டவர். அவரே 1968-ல் ரெக்ஸ் ஹாரிசனை வைத்து ஆங்கிலத்தில் படமாகவும் எடுத்தார். அதே இயக்குநர், அதே கதவுகள், அதே கட்டில். வேகம் மட்டும் இல்லை. காரணம் ரொம்ப எளிது: படத்தில் ஒரு கட் போட்டால் உடை மாறிவிடும். இரட்டை வேடம் நமக்கு எம்ஜிஆர் காலத்திலிருந்தே பழக்கம், யாரும் வியப்பதில்லை. நடிகருக்குக் கஷ்டம் இல்லாத இடத்தில் நமக்குச் சிரிப்பும் இல்லை. இந்தப் படத்தில் விடுதிக் காட்சியை மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு கட்டும் எந்தச் சிரிப்பைக் கொன்றது என்று பார்ப்பதற்காக.

ஃபெய்தோ திரையில் தப்பித்த படம் வேண்டும் என்றால் க்ளோத் ஓதான்-லாரா 1949-ல் எடுத்த 'அமெலியைப் பார்த்துக்கொள்', தானியேல் தாரியு நடித்தது. அவர் கூட்டத்தை எங்கும் ஒளிக்கவில்லை. படத்துக்குள்ளேயே ஒரு நாடக அரங்கம், அதில் பார்வையாளர்கள், மேடைக்கும் நிஜத்துக்கும் நடுவில் கோடு அழிந்து அழிந்து வருகிறது.

செய்யுள் நாடகங்கள் தனி விஷயம். ரொஸ்தானின் 'சிரானோ' (1897) தன்னை வீரச் சுவையுள்ள நகைச்சுவை என்றே அழைத்துக்கொள்கிறது. ழான்-போல் ராப்னோ 1990-ல் எடுத்த படம், பன்னிரண்டு அசைச் செய்யுளை விடாமல், கத்தரித்து மட்டும், கேமராவை ஓட ஓட வைத்து எடுத்தது. முதலில், பெரிய மூக்குக்காரனான சிரானோ தன் மூக்கைத் தானே கிண்டல் செய்து பேசும் முதல் அங்கத்து வசனத்தைப் படியுங்கள். படத்தை முதல் தடவை சப்டைட்டிலோடும், அந்த ஒரு காட்சியை இரண்டாம் தடவை சப்டைட்டில் இல்லாமலும் பாருங்கள். அர்த்தம் புரியாமலே தாளம் கேட்கும். இங்கே கூட்டத்தை வைத்த இடம் சுலபம், நாடகத்திலேயே முதல் காட்சி ஒரு நாடக அரங்கில்தான் நடக்கிறது.

இதற்கெல்லாம் பிறகு, நாடகத்தைப் படமாக்காமல், நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதைப் படமாக்கிய இரண்டு பேரைப் பாருங்கள். ஃபிலிப் லெ கே 2013-ல் எடுத்த 'சைக்கிளில் அல்செஸ்த்'. ரே தீவில் ஒதுங்கிவிட்ட ஒரு பழைய நடிகர் (ஃபாப்ரிஸ் லுக்கினி), டிவியில் டாக்டராக நடித்துப் புகழ்பெற்ற இன்னொரு நடிகர் (லாம்பேர் வில்சன்). மோலியேரின் 'மனிதரை வெறுப்பவன்' (அதன் நாயகன்தான் அல்செஸ்த்) முதல் காட்சியைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறார்கள். யார் எந்த வேடம் என்று நாணயம் சுண்டுவார்கள். ஒருவர் பேச, இன்னொருவர் அவருக்குக் கூட்டமாகிறார், பிறகு மாறுகிறார்கள். வசனம் நாடகத்துடையது, பகை அவர்களுடையது.

இன்னொன்று அப்தெல்லதிஃப் கெஷிஷின் 2003-ஆம் ஆண்டுப் படம், 'லெஸ்கீவ்'. பாரிஸுக்கு வெளியே சேன்-சன்-தெனியின் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள், பள்ளிக்காக மாரிவோவின் 1730-ஆம் ஆண்டு நாடகமான 'காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்' ஒத்திகை பார்க்கிறார்கள். நாடகத்தில் எசமானியும் வேலைக்காரியும் வேடம் மாற்றிக்கொள்வார்கள், எசமானும் வேலைக்காரனும் அப்படியே. ஆனாலும் கடைசியில் பணக்காரர் பணக்காரரையும் ஏழை ஏழையையும்தான் காதலிப்பார்கள் என்று படத்தில் ஆசிரியை விளக்குகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் க்ரிமோவுக்கு நடிக்கவே வராது. தான் விரும்பும் லிதியா பக்கத்தில் நிற்பதற்காக நண்பனுக்குப் பொருள் கொடுத்து வேடத்தை வாங்கியவன். சிறந்த படத்துக்கான செசார் என்கிற பிரெஞ்சுத் திரைப்பட விருது இதற்குக் கிடைத்தது. பேச்சு தெருப் பிரெஞ்சு, படுவேகம். சப்டைட்டில் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவரும்.

கடைசியாக ஒரு பயிற்சி. 2022 ஜனவரி 15-ஆம் தேதி, மோலியேர் ஞானஸ்நானம் பெற்ற நாளின் நானூறாம் ஆண்டில், கொமெதி-ஃபிரான்சேஸ் நாடகக் குழு இவோ வான் ஹோவ் இயக்கிய 'தார்த்யூஃ'பைத் திரையரங்குகளுக்கு நேரலையாக ஒளிபரப்பியது. 1664-ல் தடைபட்ட மூன்று அங்க வடிவத்தை ஆய்வாளர் ழோர்ழ் ஃபொரெஸ்தியே மீட்டெடுத்திருந்தார், அதைத்தான் ஆடினார்கள். இப்படிப்பட்ட, உயிருள்ள கூட்டத்தோடு பதிவான மேடையேற்றம் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு, மேசைக் காட்சியைக் கேளுங்கள். பார்க்க வேண்டாம், கேளுங்கள். சிரிப்பு வரும் இடங்களில், நடிகர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அதே காட்சியைத் தெபார்தியுவின் படத்தில் போட்டு, அதே வரிகளுக்கு நடுவில் எத்தனை நொடி என்று பாருங்கள். ஒரு மாலை முழுக்கப் போய்விடும். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்க்கிறவர் சிரிக்கிற இடம் வேறு, இன்னொருவரோடு பார்க்கும்போது சிரிக்கிற இடம் வேறு. அதையும் அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள்.